தோட்ட வடிவமைப்பு படிக்கிறேன். எனக்கு வரையவே வராது. ஆசிரியர் குழுவின் முன் வடிவமைப்பை வைத்து விளக்கும் ஜூரியில் தேறும் அளவுக்கு வரையவும் விளக்கவும் எப்படிப் பழகுவது?

உங்கள் வகுப்பில் யாரோ ஒருவருக்கு நீர்வண்ணம் நன்றாகக் கைகூடுகிறது, ஜூரியில் எல்லாக் கண்களும் அந்த ஷீட்டின் மேல்தான் போகின்றன என்று ஊகிக்கிறேன். நானும் அப்படிப்பட்ட வகுப்பில்தான் படித்தேன். இன்று சென்னையில் வீட்டுத் தோட்டங்களை வடிவமைத்துப் பிழைக்கிறேன். என் கோடுகளை யாரும் அழகு என்று சொன்னதில்லை. ஓவியம் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சினம் கொள்ள வேண்டாம், அவர்களுடைய கலையைக் குறைத்துப் பேசும் தகுதி எனக்கில்லை.

நம் தொழிலில் வரைதல் என்பதில் பெரும்பகுதி அளத்தல். தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விடச் சொல்கிறார்கள். அதாவது ஒரு மரத்துக்கு ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலம் வேண்டும், 1:100 அளவில், அதாவது ஒரு மீட்டரை ஒரு செ.மீ. ஆக வரைந்தால், அது ஏழரை செ.மீ. விட்டமுள்ள வட்டம். 40-க்கு 60 அடி மனை அதே அளவில் 12 செ.மீ. அகலம்தான் என்பதால், சரியான வட்டத்தைப் போட்ட மறுகணமே அகலவாக்கில் இரண்டு தென்னைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமில்லை என்பது தெரிந்துவிடும். தென்னையை இரண்டு செ.மீ. நட்சத்திரமாக வரைந்து, மனை முழுக்கத் தோப்பு வைத்துவிடும் ஷீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே வேம்பு, புங்கை, பூவரசு, பவழமல்லி என்று நீங்கள் நடப்போகும் மரங்களின் அடியிலேயே டேப்புடன் போய் நின்று, கிளை பிரியும் உயரத்தையும் விரிவையும் குறித்து, ஒவ்வொன்றையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்து பழகுங்கள்.

நிழலும் அப்படியே. மேலை நாட்டுப் பாடநூல்களைப் பார்த்து எல்லா மரத்துக்கும் வடக்கே நீண்ட நிழல் போடுவது மாணவர்களின் வழக்கம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் வெயில் சற்றே வடக்கிலிருந்து விழுகிறது. ஜூன் மாத உச்சிவேளையில் 5 மீட்டர் உயர மரத்தின் நிழல் தெற்கே ஒரு மீட்டரைக்கூட எட்டாது. மாலை நான்கு மணிக்குக் கிழக்கே விழும் நிழலை வரைந்து காட்டுங்கள், எங்கே நாற்காலி போடலாம் என்று வீட்டுக்காரருக்கு அதுவே சொல்லிவிடும்.

விளக்கும் திறனைப் பொறுத்தவரை, என் முதல் தனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் வேறொரு நிறுவனம் ஏற்கெனவே கணினியில் செய்த அசையும் படம் ஒன்றைக் காட்டியிருந்தது. என்னிடம் இருந்தவை மேலிருந்து பார்க்கும் ஒரு பிளான், அதே அளவில் அதன் கீழே, நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற ஒரு செக்‌ஷன், வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்து ஏ3 தாளில் அச்சிட்ட ஒரு புகைப்படம், அதன் மேல் ஒட்டிய, அடியிலுள்ளது தெரியும் பட்டர் பேப்பரில் வரவிருக்கும் தோட்டம், அவ்வளவுதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1788-இல் இத்தொழிலுக்கு வந்த ஆங்கிலேயர் ஹம்ப்ரி ரெப்டன், சிவப்புத் தோலில் கட்டிய புத்தகங்களில் நீர்வண்ணப் படத்தின் மேல் ஒரு மடிப்பை ஒட்டி, அதைத் தூக்கினால் இன்றைய நிலமும் நாளைய நிலமும் மாறி மாறித் தெரியும்படி செய்தார். வீட்டுக்காரரின் தாயார் அந்தப் பட்டர் பேப்பரைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு, “பவழமல்லிய கெணத்துக்கிட்ட போட்டிருக்கீங்களே தம்பி, பூவெல்லாம் தண்ணியில இல்ல உதிரும்” என்று சொல்லி, என் பென்சிலை வாங்கி அவரே அதைத் தள்ளி ஒரு வட்டம் போட்டார். அந்த அசையும் படத்தில் அவரால் அப்படிக் கை வைத்திருக்க முடியாது. வேலை எனக்குக் கிடைத்தது. வரைபடத்தால்தான் கிடைத்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், என் கட்டணமும் குறைவுதான்.

நான் மென்பொருளுக்கு எதிரி அல்லன். வேலை வரைபடங்களை ஆட்டோகேட் இல்லாமல் இன்று யாரிடமும் கொடுக்க முடியாது. என் குறை வேறு. நேர்முகத் தேர்வுகளில் எந்தெந்த மென்பொருள் தெரியும் என்றுதான் கேட்கிறார்களே தவிர, புங்கை எவ்வளவு அகலம் விரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. விளைவாக, மென்பொருளின் ஆயத்த மரத் தொகுப்பிலிருந்து எடுத்த குளிர்நாட்டு மரங்களான மேப்பிளும் பிர்ச்சும் படத்தில் வேளச்சேரி வீட்டு வாசலில் நிற்கின்றன. அதைப் பார்த்து ஆசைப்பட்ட வீட்டுக்காரர் ஆறு மாதம் கழித்துச் சண்டைக்கு வருவது வடிவமைத்தவரிடம்தான்.

ஜூரியில் பேசும்போது செடிப் பெயர்களில் தொடங்காதீர்கள். வாசலில் நுழைபவர் முதலில் எதைப் பார்க்கிறார், எங்கே நிழல், எங்கே உட்காருவார் என்று நடந்துபோகும் வரிசையிலேயே சொல்லிவிட்டுப் பெயர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக் கோட்டுக்கு 0.5 மி.மீ. பேனா, மரங்களுக்கு 0.3, தரைப் பதிப்புக்கு 0.1 என்று கோட்டின் கனத்தைப் பிரித்துக்கொண்டால் வண்ணமே தேவைப்படாது. தளத்தில் மேஸ்திரியின் கையில் இருக்கப்போவதும் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான். இறுதி ஷீட்டுக்கு முன்னால் அப்படி ஒரு ஜெராக்ஸ் எடுத்து, இடத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, எப்படி உள்ளே போவீர்கள் என்று கேளுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அந்தக் கோடுகளைத் திரும்பப் போடுங்கள்.