கனடாவில் புலம்பெயர்ந்த பெண்களுக்கான ஆதரவுச் சேவை என்றால் என்ன?

வீட்டுக்குள் அடி, வெளியே யாரையும் தெரியாத தனிமை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுதான் இது. ஊரில் என்றால் பிரச்சினை முற்றியதும் சித்தி வீட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம். டொராண்டோவின் ஸ்காபரோவில் பனி கொட்டும் ஜனவரியில், பாஸ்போர்ட்டும் பேங்க் கார்டும் கணவன் பையில் இருந்தால் எங்கே போவது? அந்தச் சித்தி வீட்டின் இடத்தில் இந்தச் சேவைக்காரர்கள் நிற்கிறார்கள்: தங்க இடம், மொழிபெயர்ப்பாளர், வக்கீலிடம் கூடவே வர ஒரு ஆள். 211-ஐ அழைத்தால் அருகில் உள்ள சேவையைச் சொல்வார்கள். உடனடி ஆபத்து என்றால் 911. (போன் பில் கணவன் கைக்குப் போகுமென்றால், தோழியின் போனிலிருந்து பேசுங்கள்.)

அப்புறம், "பிரிந்தால் பிஆர் (கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) போய்விடும்" என்ற பயம். இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்று 2012-ல் சிலருக்கு வந்த நிபந்தனை 2017-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பிஆர் வாங்கியவர், கணவனைப் பிரிந்தார் என்பதற்காக அதை இழப்பதில்லை.