மரம் இருக்கிறது, ஜாக்கிரதை!

கேள்வி: 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' படம் பார்த்தேன். ஆறு, மலை, மரம் தவிர ஒன்றுமில்லை. அப்பாவும் பிள்ளைகளும் மீன் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். தம்பி குடித்து, சூதாடிக் கெடுகிறான். அண்ணன் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? இதற்கு ஆஸ்கர் வேறு!
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: மரம் என்றீர்களே, அங்கேதான் விஷயம். இதன் மூலக்கதையை எழுதிய நார்மன் மெக்லீன், சிகாகோவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். 70 வயதுக்கு மேல் எழுதினார். 'உங்கள் கதைகளில் மரங்கள் இருக்கின்றன' என்று ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பியது! கடைசியில் 1976இல் அவருடைய பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிட்டது. புத்தகம் பேர் வாங்கியதும், முன்பு மறுத்த ஒரு பெரிய பதிப்பகம் அடுத்த நூலைக் கேட்டது. உலகத்தில் மிஞ்சிய ஒரே பதிப்பகம் நீங்கள், ஒரே எழுத்தாளன் நான் என்று ஆனால் புத்தக உலகமே முடிந்தது என்று அர்த்தம், என்கிற ரீதியில் பதில் போட்டார் மனிதர். பத்திரிகை ஆசிரியன் இதை ரசிக்கக் கூடாது. ரசிக்கிறேன்.

ஆஸ்கர் கிடைத்தது ஒளிப்பதிவுக்கு மட்டும். அதாவது, உங்கள் மரத்துக்கும் ஆற்றுக்கும்தான். அந்த ஆறும் அசல் இல்லை. கதை நடப்பது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து பிளாக்ஃபுட் ஆற்றில். மரம் வெட்டியும் சுரங்கம் தோண்டியும் அதைக் கெடுத்துவைத்திருந்ததால், இயக்குநர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் கேலட்டின் போன்ற வேறு ஆறுகளில் படமெடுத்தார். நடிகருக்கு டூப் போடுவார்கள், இங்கே ஆற்றுக்கே!

சரி, அண்ணனுக்கு வருவோம். அண்ணன் வேறு யாருமில்லை, மெக்லீனேதான்; எழுதியது சொந்த வீட்டுக் கதை. பாதிரியார் அப்பா, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைத் தட்டவிட்டு, நான்கு எண்ணிக்கையில் தூண்டில் வீசச் சொல்லிக்கொடுக்கிறார். புழு கிடையாது, இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. அந்த வீட்டில் பாசத்தைக் காட்டத் தெரிந்த வழி அது ஒன்றுதான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தம்பியைக் கூட்டிவரும் அண்ணன் என்னத்தைச் சொல்வான்? அதெல்லாம் நம் சினிமாவில் நடக்கும். அண்ணன் மூச்சுவிடாமல் வசனம் பேசுவார், தம்பி காலில் விழுவான், அப்புறம் குடும்பப் பாட்டு. நிஜத் தம்பி பால் மெக்லீன் 1938இல் சிகாகோவில் அடித்துக் கொல்லப்பட்டார். அதை எழுதி வெளியிட அண்ணனுக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு இரண்டு மணி நேரம் பொறுக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய சிறுகதையும் கிடைத்தது. அண்ணன் ஐந்து பக்கம் புத்தி சொல்கிறார். ஆறாம் பக்கத்தில் தம்பி திருந்திவிடுகிறான். தபால்தலை வைக்காததால் திருப்பி அனுப்ப வழியில்லை.