எஸ்எம்ஆர்: ரிப்போர்ட்ல 2030-ன்னு போடலாமா?

போடாதீங்க. 2030-ல ஐரோப்பாவுல எஸ்எம்ஆர், அதாவது ஃபேக்டரில பகுதி பகுதியா செஞ்சு சேர்க்கிற சின்ன மாடுலர் அணு உலை, கரண்ட் குடுத்துட்டு இருக்கும்னு எழுதினா தப்பாயிடும், "2030-களோட தொடக்கத்துல முதல் உலைகள் வரணும்ங்கிறது இலக்கு"ன்னு எழுதுங்க, ஐரோப்பிய கமிஷன் இந்த உலைகளுக்காக 2024 பிப்ரவரில ஆரம்பிச்ச தொழில் கூட்டணியோட டார்கெட்டும் அதான்.

"கம்பெனியைத் தேர்வு பண்ணியாச்சு"ன்னு வர்ற நியூஸைப் பார்த்து கட்டவே ஆரம்பிச்சுட்டாங்கன்னு நினைச்சிருப்பீங்க, நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க. செக் நாட்டு மின்சார நிறுவனமான செஸ் 2024-ல பிரிட்டனோட ரோல்ஸ் ராய்ஸ் எஸ்எம்ஆர் கம்பெனியோட 470 மெகாவாட் டிசைனைத் தேர்ந்தெடுத்துச்சு, ஆனா முதல் உலைக்குப் பார்த்து வச்சிருக்கிற டெமலின்ங்கிற இடத்துல இன்னும் கான்கிரீட் ஊத்தலை. பிரான்ஸ்ல ஈடிஎஃப்ங்கிற மின்சார கம்பெனி அதே வருஷம் நுவார்டுங்கிற தன்னோட எஸ்எம்ஆர் டிசைனை ஓரம் வச்சுட்டு, ஏற்கெனவே நிரூபிச்ச டெக்னாலஜியை வச்சு முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க, அவ்வளவு அனுபவம் இருக்கிற கம்பெனிக்கே இந்த நிலைமை.

ஒண்ணு பண்ணுங்க: உங்க லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் அணுசக்தி ரெகுலேட்டர் சைட்ல போய், கட்டுமான லைசென்ஸ் குடுத்தாச்சான்னு பாருங்க. குடுக்கலைன்னா "திட்டம்"னு மட்டும் போடுங்க.

விலைல ரொம்ப கவனம். அமெரிக்காவுல யூட்டா மின் நிறுவனங்களுக்காக ஐடஹோவுல கட்டறதா இருந்த நுஸ்கேல் கம்பெனியோட எஸ்எம்ஆர் ப்ராஜெக்ட்ல ஒரு மெகாவாட்-மணிக்கு 58 டாலர்னு சொன்னது 89 டாலருக்கு ஏறி, 2023 நவம்பர்ல ப்ராஜெக்டையே கைவிட்டாங்க. அதனால கம்பெனி சொல்ற ரேட்டை அப்படியே டேபிள்ல போடாம, அது எந்த வருஷத்து மதிப்பீடுன்னும் பக்கத்துல எழுதிடுங்க.