ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் இரவு சாப்பிடும்போது ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி, "அவங்கதான்பா நாட்டையே கெடுத்தாங்க" என்றாள். யார் சொன்னது என்று கேட்டால், சமூக அறிவியல் சார் சொன்னாராம். நான் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். ஆனால் அவர் அதைப் புகழ்ந்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது. டெல்லியில் முகலாயர் பாடத்தை வெட்டுகிறார்கள், இங்கே ஆட்சி மாறினால் புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். எல்லாமே மூளைச்சலவைதான். வகுப்பறையில் யாரும் அரசியலே பேசக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் என்ன? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

அன்புள்ள நண்பருக்கு,

புகழ்ந்திருந்தாலும் பிடித்திருக்காது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் உங்களுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. மூளைச்சலவை என்ற சொல்லைப் பலரும் எதிர்த்தரப்புக்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் போடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் சொன்ன ஸ்டிக்கரையே எடுத்துக்கொள்வோம். 2011 இல் என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆட்சி மாறி, சமச்சீர்க் கல்வி நிறுத்தப்பட்டு, வழக்கு நடந்துகொண்டிருந்தது. பள்ளி திறந்தும் கையில் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் வந்தது. முந்தைய முதல்வர் கருணாநிதி தொடர்பான பகுதிகளின் மேல் தாள் ஒட்டியிருந்தார்கள். அவள் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தெரியவில்லை என்றதும் ஈரத்துணியால் ஓரத்தை நனைத்து, நகத்தால் மெல்லச் சுரண்டினாள். தாளோடு எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. "அப்படி என்ன சித்தி எழுதியிருந்தது?" என்று கேட்டாள்.

பதவியில் இருக்கும் முதல்வரைப் பிள்ளைகளின் பாடநூலில் கொண்டுவந்து வைத்ததே தவறு என்பதுதான் என் கருத்து. அதை அன்றும் சொன்னேன். ஆனால் ஒட்டி மறைத்ததால் அந்தத் தவறு சரியாகிவிடவில்லை. ஒரு பெண் கேட்ட கேள்விக்கு வகுப்பில் பதிலே இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

இதை நான் எப்போதும் இப்படி நினைத்தவள் இல்லை. 2012 இல், மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டியின் நூல்களில் இருந்த கார்ட்டூன்கள் பற்றிச் சர்ச்சை வந்தபோது படங்களை நீக்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பதினோராம் வகுப்பு நூலில் 1949 இல் சங்கர் வரைந்த படம்: அரசியல் சட்டம் என்னும் நத்தையின் மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். நூலின் ஆலோசகர்களான சுஹாஸ் பல்சிகரும் யோகேந்திர யாதவும் விலகினார்கள். பல்சிகரின் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அடுத்து இந்தி எதிர்ப்பு பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த படம், பன்னிரண்டாம் வகுப்பு நூலில். போராடும் மாணவனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்று கிண்டல் செய்யும் படம். 1965 இல் உயிர்களைக் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு அது எப்படி வலிக்கும்! எனக்கும் வலித்தது.

அப்புறம்தான் பதினோராம் வகுப்பு நூலை வாங்கி முழுதாகப் படித்தேன். ஓரங்களில் உன்னி, முன்னி என்று இரண்டு சிறுபிள்ளைகள் பெரியவர்களைத் துளைக்கிற மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறார்கள். நத்தைப் படத்துக்குக் கீழேயும் கேள்விதான்: அரசியல் சட்டம் எழுத ஏன் இவ்வளவு காலம் ஆனது? அதற்குப் பதில் தேடும் பிள்ளை அந்த விவாதங்களின் பெருமைக்குத்தான் போய்ச் சேரும். சாட்டையைப் பார்த்து வரும் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் படம் வரைந்தவர் கண்ணில் என்ன கோளாறு என்று அந்தக் கோபத்தோடேயே வகுப்பில் பேசியிருக்கலாம். படங்களை ஆராய அமைத்த தோரட் குழுவில் இருந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன், திராவிட இயக்கத்தை ஆழமாக ஆராய்ந்தவர், நீக்கச் சொன்ன முடிவை ஏற்காமல் தனிக் குறிப்பு எழுதினார். அவர் சொன்னதுதான் சரி என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பத்து வருடம் கழித்து அதே நூல்களில் வேறொரு ஆட்சி கை வைத்தது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். காந்தியின் இந்து-முஸ்லிம் ஒற்றுமை முயற்சி இந்துத் தீவிரவாதிகளைக் கோபப்படுத்தியது என்ற வாக்கியம் போனது. பத்தாம் வகுப்பில் பரிணாமம் போனது. ஒரு வாக்கியத்தை எடுத்தால் எந்தப் பிள்ளையின் சுமை குறையும்? 2023 இல் பல்சிகரும் யாதவும், நூல்களில் இருந்து எங்கள் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள்.

அரசியல் பேசக் கூடாது என்ற சட்டத்தையும் இதே கைகளில்தான் கொடுக்கப் போகிறீர்கள். எது அரசியல் என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஆளும் கட்சியைப் புகழ்கிற ஆசிரியருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சாதியைப் பற்றியோ நெருக்கடி நிலையைப் பற்றியோ வாய் திறக்கிறவர்தான் மாட்டுவார்.

மேற்கு ஜெர்மனியிலும் இதே சண்டை இருந்தது. 1976 இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் இரு தரப்புக் கல்வியாளர்களும் கூடிப் பேசினார்கள். ஓட்டெடுப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பேசியதில் பொதுவாக இருந்ததை ஒருவர் தொகுத்து எழுதினார். ஆசிரியர் தன் கருத்தை மாணவன் மேல் திணித்து அமுக்கக் கூடாது. ஊரில் விவாதமாக இருப்பது வகுப்பிலும் விவாதமாகவே வர வேண்டும். தனக்கு எது நன்மை என்று மாணவனே எடைபோடத் தெரிய வேண்டும். இன்றுவரை அங்கே ஆசிரியர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று அர்த்தம் இல்லை. காந்தியைச் சுட்டது கோட்சே. பரிணாமம் அறிவியல். அதிலெல்லாம் விவாதம் இருப்பதாகக் காட்டுவது பிள்ளைகளை ஏமாற்றுவது. மும்மொழிக் கொள்கை வேண்டுமா, இட ஒதுக்கீடு யாருக்கு எவ்வளவு, இவை விவாதம்.

சரி, உங்கள் மகளின் சாருக்கு வருவோம். ஒரு கட்சிதான் நாட்டைக் கெடுத்தது என்று அவர் தீர்ப்பாகச் சொல்லியிருந்தால் அது திணிப்புதான், தவறுதான். ஆனால் புகார் எழுதும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஏன் அரசியல் பேசினீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம். அன்று வகுப்பில் யாராவது "இல்லை சார்" என்று எழுந்தார்களா, எழுந்தால் பேச விட்டிருப்பீர்களா என்று கேளுங்கள். பரீட்சையில் மாற்றி எழுதினால் மதிப்பெண் குறையுமா என்றும் கேளுங்கள். அதற்கு முன்னால், உங்கள் ஓட்டு யாருக்கு, ஏன் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். சார் சொன்னதையும் நீங்கள் சொல்வதையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

சாரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.