இருட்டுக்குக் கண், காது, மூக்கு: கேள்வி பதில்

தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடம் சிறிய வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவன் நான். பிறகு சிறுவர் உளவளத்துணையும் கற்றேன். பிள்ளைகளின் இருட்டுப் பயம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மஸ்கெலியா, ஒரு தாய்): சேர், மகனுக்கு ஐந்து வயது. ஆணியில் மாட்டியிருக்கும் என் கம்பளி, விளக்கை அணைத்ததும் ஆளாகிவிடுகிறது என்று அழுகிறான். பொய் சொல்கிறானா?

பதில்: இல்லை அம்மா, கண்டதைத்தான் சொல்கிறான். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதுவரை கிடைப்பது அரைகுறை உருவம். மீதியை மூளை தன் கையிருப்பிலிருந்து நிரப்புகிறது. முகம் தேடுவதில் அதற்கு எப்போதும் அவசரம். இன்னொன்று: மங்கல் ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது. அதனால் உற்றுப் பார்த்தால் உருவம் கரைகிறது, பார்வையை ஓரமாக நகர்த்தினால் திரும்ப வந்து நிற்கிறது. பேய் ஒளிந்து விளையாடுகிறது என்று ஐந்து வயது நினைப்பதில் என்ன தப்பு? நீங்களும் ஒருநாள் விளக்கை அணைத்து அவனருகில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கே ஒருமுறை கம்பளிக்கு மூக்கு முளைத்தது. மறுநாள் பகலில், அவன் கையாலேயே அதை வேறு ஆணிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (பண்டாரவளை, ஒரு தந்தை): பேய் இல்லை என்று நான் சொல்கிறேன். என் அம்மா முனி கதை சொல்லி எல்லாவற்றையும் கெடுக்கிறார். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: எனக்கு மனம் வரவில்லை. ஆச்சி சொன்ன ரோதமுனி கதையால் எட்டு வயதில் போர்வைக்குள் வியர்த்துக் கிடந்தவன் நான். தொழிற்சாலை ரோதையை, அதாவது இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் அந்தச் சாமி, இரவில் லயத்து வரிசை வீடுகளின் கூரைமேல் நடக்கும் என்பார். நடந்தது தகரம். பகல் வெயிலில் விரிந்தது இரவுக் குளிரில் சுருங்கும்போது 'டக், டக்' என்று சத்தம் வரும். பனி கொட்டும் ஜனவரியில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் அதிகம். முனிக்கும் நடை அதிகம். இது தெரிந்த பிறகும் ஆச்சியின் கதை எனக்குக் கசக்கவில்லை.

படுக்கும் நேரத்தில் வேண்டாம், மாலையில் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சொல்லட்டும். முடிவைப் பிள்ளை சொல்லட்டும். என் மாணவி ஒருத்தி தன் பேயை வரைந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே என்றேன். "மேல் டிவிசனிலிருந்து நடந்து வந்ததில் அறுந்துவிட்டது சேர்" என்றாள். அதன் பிறகு அந்தப் பேய்மேல் அவளுக்கு இரக்கம்தான். பேய் விரட்டும் மருந்து என்று தண்ணீர் தெளிப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது. மருந்து இருந்தால் நோயும் இருக்கிறது என்றுதானே பிள்ளை எண்ணும்?

கேள்வி (நோர்வூட், பதினொரு வயது மாணவி): மலசலகூடம் லயத்திலிருந்து தள்ளி இருக்கிறது. இரவில் போகப் பயம். தம்பி கேலி செய்கிறான்.

பதில்: மகள், அது புத்தியுள்ள பயம். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுவது கதையல்ல. பெரியவர் ஒருவரை எழுப்பு, டோர்ச் எடு, பேசிக்கொண்டே போ. தம்பி இரவில் யாரை எழுப்புகிறான் என்றும் கவனித்துப் பார்.

கேள்வி (தலவாக்கலை, ஒரு தாய்): நாலு வயது மகள் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து அலறுகிறாள். கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. காலையில் எதுவும் நினைவில்லை.

பதில்: இது பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் வரும் இரவு அலறல். கெட்ட கனவு விடியல் பக்கம் வரும், நினைவிலும் நிற்கும். உலுக்கி எழுப்பாதீர்கள், விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். நேரத்தோடு தூங்க வையுங்கள். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கொஸ்லந்தை, ஒரு தந்தை): இரவில் மழை பிடித்தால் ஒன்பது வயது மகன் தூங்குவதே இல்லை. மலை வந்துவிடும் என்கிறான்.

பதில்: இதைக் கற்பனைக் கணக்கில் எழுதாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று உங்கள் பக்கத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போயின. "ஒன்றும் ஆகாது" என்றால் அவன் உங்களை நம்பமாட்டான். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை அறிகுறிகள் என்று பகலில் நடந்து காட்டுங்கள். எச்சரிக்கை வந்தால் எந்தப் பாதையால் எங்கே போவது என்று அவனோடு ஒருமுறை போய்வாருங்கள். அடையாள அட்டைகளும் உடுப்பும் வைத்த பை கதவருகே இருக்கட்டும். டோர்ச் அவன் பொறுப்பு. பற்றரி தீர்ந்ததா என்று பார்ப்பதும் அவன்தான்.