அணையாத என்ஜின் விளக்கு

கேள்வி: என்னுடைய 1999-ஆம் ஆண்டு பெட்ரோல் பிக்கப் வண்டியில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்த பிறகும், என்ஜின் எச்சரிக்கை விளக்கு மீண்டும் மீண்டும் எரிகிறது. ஸ்கேனர் பி0171 என்று காட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: குறியீடு கோளாற்றின் தன்மையைச் சொல்லுமே தவிர, எந்த உதிரிபாகம் பழுது என்பதைச் சொல்லாது, ஆகவே சென்சார்களை ஊகத்தில் மாற்றிக்கொண்டே போவதை முதலில் நிறுத்துங்கள். பி0171 என்றால் கலவையில் எரிபொருளுக்குத் தேவையானதைவிடக் காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள். பழைய வண்டிகளில் வேக்குவம் ஹோஸ்கள் (என்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் ரப்பர் குழாய்கள்) விரிசல் விட்டு, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைவது இதற்கு மிகப் பொதுவான காரணம் என்பதால், அவற்றைப் புகைச் சோதனையில் (புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டறியும் முறை) பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவு (கலவையைச் சரிசெய்ய வண்டியின் கணினி எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு) ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, மிகுந்தும், 2500 ஆர்பிஎம்மில் குறைந்தும் இருந்தால் கசிவு ஏறக்குறைய உறுதி. மாறாக, என்ஜின் வேகம் கூடக்கூட அந்த அளவு அதிகரித்தால் எரிபொருள் பம்ப், ஃபில்டர், காற்றோட்ட சென்சார் ஆகியவற்றைச் சோதியுங்கள். விளக்கு சிமிட்டத் தொடங்கினால் மட்டும் தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள். என்ஜினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதன் அறிகுறி அது; எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (வெளியேறும் புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) உருக்கிவிடக்கூடும்.