5,999 ரூபாய் சைக்கிளை வாங்கலாமா?

பள்ளி திறக்கும் நேரத்துச் செலவுகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிளைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பதில்கள் முழுக்க சைக்கிளுக்கே.

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு போகிறான். பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர். டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக் எல்லாம் வைத்த சைக்கிள் 5,999 ரூபாய். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் ஒன்றுமே இல்லாத சாதா சைக்கிளுக்கு 7,800 சொல்கிறார். "நம்ம தலையில மிளகாய் அரைக்கப் பார்க்கிறான்" என்கிறார் என் கணவர். எதை வாங்குவது? (வாசகி, விழுப்புரம்)

பதில்: தெருமுனைக் கடையிலேயே வாங்குங்கள் அம்மா. அந்த 1,800 ரூபாய் வித்தியாசம் எங்கே போகிறது என்று சொல்கிறேன், உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மிக்ஸி மாதிரி பெட்டியைப் பிரித்து பிளக்கைச் சொருகினால் ஓடிவிடுகிற பொருள் இல்லை சைக்கிள். பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வருவதானாலும் சரி, 1949ல் அம்பத்தூரில் ஆரம்பித்த டிஐ சைக்கிள்ஸின் பிஎஸ்ஏ, ஹெர்குலஸ் ஆனாலும் சரி, கடைக்குப் பிரித்த நிலையில்தான் வந்து சேரும். அதைப் பூட்டுகிற கைதான் பாதி சைக்கிள். நல்ல கடைக்காரர் பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைத் திறந்து பால்ரஸ் குண்டுகளுக்கு க்ரீஸ் வைப்பார். அந்தக் குண்டுகளை அணைத்துப் பிடிக்கிற கோனை இறுக்கினால் சக்கரம் சுற்றாது, விட்டால் ஆடும், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அது அவர் விரலுக்குத்தான் தெரியும். அப்புறம் சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியையே பார்த்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி பெண்டு எடுப்பார். இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும். பல பெரிய கடைகளில் இதே வேலையைச் செய்வது காலையில் அரிசி மூட்டை அடுக்கிய பையனாக இருக்கலாம். பையன் மேல் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. நாலு வருஷம் முன்னால் என் அண்ணன் மகளுக்கு ஒரு பெரிய கடையில்தான் வாங்கினோம், நானும் கூடப் போயிருந்தேன். இரண்டாம் நாளே "சித்தப்பா, திரும்பும்போது கால் விரல் முன் சக்கரத்துல இடிக்குது" என்றாள். பார்த்தால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கையே முன்பின்னாக மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். முன்னால் வளைந்து நிற்க வேண்டியது பின்னால் வளைந்து நிற்கிறது. சரி, அதைத் திருப்பி மாட்டினோம். மூன்றாவது வாரம் இடது பெடல் கடக் கடக் என்று அடிக்க ஆரம்பித்தது. எங்கள் ஏரியா கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பெடல் மாட்டியிருக்கிற கிராங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் சதுரமாக இருக்க வேண்டிய துளை நாலு மூலையும் தேய்ந்து கிட்டத்தட்ட உருண்டையாகிவிட்டது. "முதல் வாரம் இந்த போல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கியிருந்தா போதும் சார். இப்ப கிராங்கே போச்சு" என்றார். பெடல் கழன்று ரோட்டின் நடுவில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

புது சைக்கிள் முதல் மாதத்தில்தான் எல்லா இடத்திலும் தளரும். கம்பிகள் தளரும், பிரேக் ஒயர் நீளும், நட்டுகள் விடும். அதனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள்: "ஒரு மாசம் கழிச்சுக் கொண்டுவந்தா டைட் வச்சுத் தருவீங்களா?" சரி என்றால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள். தெருமுனையில் இருக்கிறார் என்பதற்காக யாரும் நல்ல கடைக்காரர் ஆகிவிடுவதில்லை. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. 7,800 என்பது அதற்கு முந்தைய விலையா என்றும் கேட்டுவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஷாக் அப்சார்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவு விலையில் வருகிற பின்பக்க ஷாக் தார் ரோட்டில் செய்கிற ஒரே வேலை, உங்கள் பையன் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அமுங்கி அமுங்கி விழுங்குவதுதான். சைக்கிளும் கனத்துப்போகும். அந்த மாதிரி சைக்கிளில் பெரும்பாலும் கேரியர் மாட்ட இடமிருக்காது, மட்கார்டும் பேருக்குத்தான் இருக்கும். ஏழாம் வகுப்புப் புத்தகப் பை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் பின் சக்கரம் முதுகில் வாரி அடிக்கிற சேற்றை யூனிஃபார்மிலிருந்து துவைத்து எடுக்கப்போவதும் நீங்கள்தான். கேரியர், முழு மட்கார்டு, ஸ்டாண்டு, பெல், சாதா ரிம் பிரேக் இருந்தால் போதும், 4 கிலோமீட்டருக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது.

கடைசியாக அளவு. "வளர்ற பிள்ளை, பெருசாவே வாங்கிடுவோம்" என்று செய்கிறோமே, செருப்புக்கு அது சரி, சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம். பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாருக்கு இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நிற்கச் சொல்லுங்கள். பாருக்கும் அவன் உடம்புக்கும் நடுவில் ஒன்றிரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். அப்புறம் சீட்டில் உட்காரவைத்துக் குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லுங்கள், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீண்டால் சீட்டின் உயரம் சரி. வளர வளர சீட்டை ஏற்றிக்கொள்ளலாம், பாரை இறக்க முடியாது.

கேள்வி: ஆன்லைனில் ஆர்டர் போட்டு சைக்கிள் பெட்டியில் வந்துவிட்டது. "85 சதவீதம் பூட்டப்பட்டது" என்று போட்டிருக்கிறது. மீதியை நானே பூட்டலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் வேண்டாம். பெட்டியோடு பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் "ஃபிட்டிங் சார்ஜ் எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்கிற பணத்தைக் கொடுங்கள்.

இல்லை, நானே செய்து பார்க்கிறேன் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடல் எல்லாத் திருகும் போல கடிகார முள் போகிற திசையில் இறுகும், இடது பெடல் அதற்கு எதிர்த்திசையில்தான் இறுகும். பெடல் முனையில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்து போட்டிருப்பார்கள். முதல் நாலு சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினீர்களானால் கிராங்கின் மரை அறுந்துவிடும்.

கேள்வி: பெரிய கடையில் சைக்கிள் வாங்கியது தப்பா? பஞ்சர் ஒட்டப் போனால் "வாங்குன இடத்துலயே போய் ஒட்டிக்க" என்று எங்கள் ஊர்க் கடைக்காரர் முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறார். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவர் அப்படிச் சொன்னது தப்பு. உங்களிடம் பணம் எவ்வளவு இருந்ததோ அதற்கு ஏற்ற இடத்தில் வாங்கினீர்கள், அதற்கு யாரும் உங்களைக் குத்திக்காட்ட வேண்டியதில்லை.

ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். ஒரு பஞ்சருக்கு அவர் செய்கிற வேலை என்ன? டயரைப் பிரித்து, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, முட்டை விடுகிற இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, ஒட்டுப் போட்டு, தட்டி, டயருக்கு உள்பக்கம் விரலை ஓட்டி முள் இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மறுபடி மாட்டிக் காற்றடிக்க வேண்டும். இத்தனைக்கும் நாம் கொடுப்பது ஒரு டீ, வடைக் காசு. முன்னாலெல்லாம் வாடகை சைக்கிள் அவருக்குச் சோறு போட்டது, அது போய்விட்டது. புது சைக்கிள் விற்பனையும் கைவிட்டுப் போகிறது, மிச்சம் இந்தப் பஞ்சர்தான். கோபம் உங்கள் மேல் இல்லை.

அவசரமில்லாத ஒரு நாளில் போங்கள். "அண்ணே, இதை முழுசா ஓவராயில் பண்ணிக் கொடுங்க, என்ன ஆகுதோ தர்றேன்" என்று சொல்லுங்கள். பேரம் பேசாதீர்கள். அந்த சைக்கிளுக்கும் அது தேவை. ஒருமுறை அவர் கை பட்டுவிட்டால் அப்புறம் அது அவர் பார்க்கிற வண்டி. அதற்குப் பிறகும் அதே பேச்சு என்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார்.

கேள்வி: சென்னையில் வேலை. தினமும் போக வர 20 கிலோமீட்டர் சைக்கிளில் போக ஆசை. எங்கள் ஏரியா கடையில் குழந்தைகள் சைக்கிளும் சாதா சைக்கிளும்தான் இருக்கிறது. விளையாட்டுப் பொருட்கள் விற்கிற பெரிய கடைக்குப் போகலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: தாராளமாகப் போங்கள். உங்களுக்கு அதுதான் சரி. இரண்டு மூன்று அளவுகளில் ஏறி ஓட்டிப் பார்க்க முடிகிற இடம், தனியாக சர்வீஸ் பிரிவும் அதற்கென்று மெக்கானிக்கும் வைத்திருக்கிற இடம் என்றால், அது டிபார்ட்மென்ட் ஸ்டோர் கணக்கில் வராது.

ஆனால் நடுவழியில் பஞ்சர் ஆனால் நீங்கள் தள்ளிக்கொண்டு போய் நிற்கப்போவது தெருமுனைக் கடையில்தான், அதை நினைத்து வாங்குங்கள். வால்வு எந்த வகை என்று பாருங்கள். பைக் டியூபில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு என்றால் எங்கேயும் காற்றடிக்கலாம், ஒல்லியாக நீண்ட வால்வு என்றால் நம் கடைகளின் பம்ப் பெரும்பாலும் பொருந்தாது, ஒரு சின்ன அடாப்டரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டயரின் ஓரத்தில் இருக்கிற எண்ணையும் குறித்து வையுங்கள். 26 இஞ்ச் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. 26க்கு 1 3/8 டயர் 26க்கு 2.125 ரிம்மில் உட்காரவே உட்காராது, இரண்டுக்கும் ரிம் விட்டமே வேறு. இது தெரியாமல் டயர் வாங்கிவந்து திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நிறைய பேர். பெட்ரோல் பங்கில் காற்றடித்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள், சைக்கிள் டியூபில் காற்றுக்கு இடம் கொஞ்சம்தான், கண் இமைப்பதற்குள் அளவு தாண்டிவிடும்.

கேள்வி: என் மகளுக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிள் வீட்டு ஓரத்தில் துருப்பிடித்து நிற்கிறது. அவள் காலேஜ் போய்விட்டாள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு 43 வயது. இனிமேலாவது சைக்கிள் பழக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதைச் சரி பண்ணுவதா, கடையில் மலிவாகப் புதிது வாங்குவதா? (வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்! இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் சந்தோஷப்படுத்தியது உங்களுடையதுதான்.

2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06ல் அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. அந்த வண்டிகளைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, நட்டு போல்ட்டு விஷயத்தில் அது நியாயமும்கூட. ஆனால் ஃபிரேம் கனமான இரும்பு, அதைத் தேய்த்து அழித்துவிட முடியாது. மேல்துரு என்றால் கவலையே வேண்டாம். ஃபிரேம் இணைகிற இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டயர், டியூப், பிரேக் கட்டை, பால்ரஸ் குண்டு, கிராங்கை அச்சோடு பூட்டுகிற காட்டர் பின் மாற்றி ஒரு ஓவராயில். அந்தச் செலவு மலிவான புது சைக்கிள் விலையின் பக்கத்தில்கூட வராது, அந்தப் புதுசைவிட இது பல வருஷம் கூடுதலாக ஓடும்.

வயதை நினைத்துத் தயங்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையோடு ஏறிப் பழகியது உங்கள் மாவட்டத்தில்தான். உங்கள் தெருவிலேயே அப்போது பழகியவர் ஒருவர் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். பள்ளி மைதானத்தில் காலால் தள்ளித் தள்ளிப் போங்கள், கொஞ்சம் வேகம் வந்ததும் இரண்டு காலையும் தூக்கிப் பாருங்கள். பத்தடி, இருபதடி என்று விழாமல் போக ஆரம்பித்ததும் பெடலைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கழற்றும்போது மேலே ஈரோடு வாசகருக்குச் சொன்னதை நினைவில் வையுங்கள், இடது பெடல் கடிகார முள் போகிற திசையில் சுற்றினால்தான் கழலும்.